இரண்டு பெட்டி நிறை

எங்கள் சமையலறையில் இன்றைக்கும் ஓர் இரும்புச் சட்டி இருக்கிறது. தூக்கினால் மணிக்கட்டு நோகும். பக்கத்தில் சலவைக்கல் உரல் ஒன்று, தடித்த கண்ணாடிப் பழக்கிண்ணம் ஒன்று, அலமாரிக்கு மேல் பித்தளை விளக்குத்தண்டு இரண்டு. எதையும் நாங்கள் வாங்கவில்லை. எல்லாம் ஒரு பெண், "பாரம் கூடிப்போச்சு அண்ணை" என்று சொல்லி எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனவை. தொண்ணூறுகளில் பலேர்மோவில் அவளைத் தெரிந்திருந்த தமிழ் வீடுகளில் இப்படிப் பாரமான சாமான் ஒன்றாவது கிடந்தது. எங்கள் ஆட்களின் தளபாடங்களில் ஒரு பகுதி அவளுடைய அமெரிக்கக் கனவிலிருந்து கழித்துவிடப்பட்டவை என்று சொன்னால் மிகையாகாது.

அவளுடைய பெயரை எழுதப்போவதில்லை. முகத்துக்கு முன்னால் தங்கச்சி, அக்கா, மாமி என்று அவரவர் முறைப்படி அழைத்தோம். முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவள் 'அமெரிக்கா'தான். "அமெரிக்கா கோயிலுக்கு வந்ததோ?" "அமெரிக்காவுக்கு இண்டைக்கு விரதமாம்." இப்படிக் கதைப்பதில் எவருக்கும் கூச்சம் இருக்கவில்லை. அவளுக்கும் அது தெரியும். நாற்பதை நெருங்கிய, மெலிந்த, எப்போதும் பேருந்தைத் தவறவிடப்போகிறவள் போல நடக்கிற பெண். திருமணமாகவில்லை.

நான் அப்போது நகரின் புதிய பகுதியில் ஒரு பழைய மாடிக்கட்டடத்தின் போர்த்தியேரே. வாசலில் ஒரு கண்ணாடி அறை, ஒரு தொலைபேசி, ஒரு கொத்துச் சாவி. யார் வருகிறார்கள், எது வருகிறது என்று பார்ப்பதுதான் வேலை. அதற்கு முன்பு யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், எழுதுவினைஞனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், பலேர்மோத் தமிழர்களின் விண்ணப்பங்களெல்லாம் அந்தக் கண்ணாடி அறையைத் தேடி வந்தன. அதனால் 'கிளாக்கரண்ணை' என்ற பட்டம். அவள் அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு விதவைச் சிஞ்ஞோராவுக்குச் சமைத்து, துடைத்து, மருந்து கொடுத்து, மொட்டைமாடியில் இருந்த சிறிய அறையில் தங்கினாள்.

அந்த அறைக்குள் முதன்முறை போகிறவர்கள் இரண்டு பொருட்களைக் கண்டு திகைப்பார்கள். கட்டிலுக்குக் கீழே எப்போதும் அடுக்கிப் பூட்டியபடி இருந்த இரண்டு பெரிய பெட்டிகள் ஒன்று. கதவுக்குப் பின்னால் கொக்கியில் தொங்கிய வில்தராசு மற்றது. பல்லரோ சந்தையில் சூரைமீன் விற்ற ஒருவர் கடையை மூடியபோது அவள் வாங்கியது. எவ்வளவு கழுவியும் மழைநாளில் மீன் மணத்தது. அமெரிக்காவுக்குப் போகிற விமானத்தில் ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு முப்பத்திரண்டு கிலோ என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். சரியான தகவல்தான். ஆனால் பயணத்துக்கு முதல்நாள் பார்க்கவேண்டிய விதியை அவள் தன் சீவியம் முழுவதற்கும் விரித்துவிட்டாள். புதிய சேலை ஒன்று வந்தால் பெட்டி தராசில் ஏறும். முள் தாண்டினால் பழைய சேலை ஒன்று வெளியேறும். நத்தார் பண்டிகைக்குச் சிஞ்ஞோரா கொடுத்த இரும்புச் சட்டியை அவள் தராசில் தொங்கவிடக்கூட இல்லை. கையால் தூக்கிப் பார்த்துவிட்டு நேரே எங்களிடம் கொண்டுவந்தாள்.

என் மனைவி ஒருநாள் நேராகவே கேட்டாள். "உமக்கென்ன விசரே? அமெரிக்காவிலை சட்டி விக்கமாட்டினமாமோ?"

"சட்டிக்கில்லை அக்கா. இது வேண்டாமெண்டு சொல்லிப் பழகோணும். இல்லாட்டிக் கடைசி நாளிலை அழுகை வரும்."

"கடைசி நாள் எப்பவாம்?"

"அது கிளாக்கரண்ணையைக் கேளுங்கோ."

சாப்பாட்டு விடயத்தில் மட்டும் அவள் தாராளம். குளிர்காலம் முடிகிற நேரத்தில் சிஞ்ஞோராவின் மச்சான்காரர் ஒருவர் சியாகுல்லித் தோட்டத்திலிருந்து மண்டரின் பழங்களைப் பெட்டியோடு அனுப்புவார். அவளுடைய பங்கை அவள் மொட்டைமாடி மதிலில் இருந்து ஒரே இருப்பில் தின்று முடிப்பாள். "வயித்தை நிறுக்கமாட்டினம் அண்ணை" என்பாள். அவள் சிரித்து நான் பார்த்த தருணங்கள் பெரும்பாலும் இப்படித் தின்னும்போது வந்தவை.

கடைசி நாள் எப்போது என்பது உண்மையில் என் கண்ணாடி அறையில் தொங்கிய கேள்வி. அவளுடைய தம்பி நியூ ஜெர்சியில் இருந்தான். படிக்கப் போனவன், அங்கேயே வேலை எடுத்து, குடியுரிமையும் எடுத்து, உடனேயே அக்காவுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டான். உடன்பிறந்தவர்களுக்கான வரிசை அமெரிக்காவின் வரிசைகளில் மிக நீளமானது. விண்ணப்பம் போட்டவரே அதை மறந்துவிடுகிற அளவுக்கு நீளம். ஊரில் இருந்துகொண்டு அப்படிக் காத்திருக்கக்கூடிய காலமாக அது இருக்கவில்லை. அதனால் ஓர் ஏஜென்ட் குறுக்குவழியால் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் சொல்லி அவளைக் கூட்டிவந்தான். "இத்தாலி ட்ரான்சிட், ஒரு கிழமை" என்று பலேர்மோவில் ஒரு வீட்டில் இறக்கிவிட்டுப் போனவன், போனவன்தான். மற்றவர்கள் இத்தாலிக்கு வந்தவர்கள். அவள் மட்டும் அந்த ஒரு கிழமைக்குள்ளேயே இருந்தாள்.

கலியாணப் பேச்சு ஒன்று வந்தது. கொண்டுவந்தவள் என் மனைவி. மாப்பிள்ளை ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு கடலுணவுக் கடையில் குசினி வேலை. மனைவியை இழந்தவர், ஒரு பெண்பிள்ளை. நல்ல மனிதர். பொரித்த கணவாய் ஒரு பொட்டலத்தோடு ஒரு ஞாயிறு வந்து எங்கள் வீட்டில் இருந்தார். அவளும் வந்து இருந்தாள், கதைத்தாள், கணவாயைச் சாப்பிட்டாள். அவர் போன பிறகு மனைவி ஆவலோடு கேட்டாள்.

"என்ன சொல்லுறீர்?"

"பாரம் அக்கா."

"ஆர், அந்த மனுசனோ? ஈர்க்கு மாதிரி இருக்கிறார்!"

எங்கள் ஆட்கள் ஊருக்குக் கதைக்கப் போகிற தொலைபேசிக் கடையில் அவள் கேட்டிருந்தது இது: கலியாணம் கட்டினால் அமெரிக்க வழக்கு முறிந்துவிடும். உலகத்தின் எல்லாச் சட்டங்களும் அரைகுறையாகக் கிடைக்கிற இடம் அந்தத் தொலைபேசிக் கடை. நான் விளக்கினேன். கலியாணம் கட்டினால் முறிகிறது வேறு வகை. தாய் தகப்பன் பிள்ளைக்குப் போடுகிற சில விண்ணப்பங்கள். உடன்பிறந்தவர் வகையில் கலியாணம் ஒரு தடையும் இல்லை. கணவனும் சிறு வயதுப் பிள்ளையும் கூடவே போகலாம். அவள் முழுவதையும் கேட்டாள்.

"இண்டைக்குச் சட்டம் அப்பிடி. நாளைக்கு மாத்தினால்?"

"மாத்தினால் அப்ப பாப்பம்."

"மாத்தினாப் பிறகு அந்த மனுசனையும் பிள்ளையையும் என்ன செய்யிறது? உங்கடை வாசலிலை கொண்டுவந்து வைக்கிறதோ?"

இருக்கிற சட்டத்தை மீறுகிறவர்களைக் கச்சேரியில் நிறையக் கண்டிருக்கிறேன். இன்னும் எழுதப்படாத சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தவளை அவளிடம்தான் கண்டேன். அந்த மனிதர் பிறகு கத்தானியாவில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். என் மனைவி இவளோடு ஒரு மாதம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அந்த மாதம் சட்டி உரல் எதுவும் எங்களுக்கு வரவில்லை.

இத்தாலிப் பத்திரத்திலும் இதே கதை. அரசாங்கம் ஒரு பொதுமன்னிப்பு அறிவித்தது. விசா இல்லாமல் வேலை செய்கிறவர்கள், வேலை கொடுக்கிறவர் கையெழுத்து வைத்தால், பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி எடுக்கலாம். குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தின் வாசலில் எங்கள் சனம் விடியமுன்னமே போய் வரிசையில் நின்றது. அவள் போகவில்லை. வேறொரு நாட்டில் குடியிருக்கும் உரிமை எடுத்தால், உனக்குத்தான் ஒரு நாடு இருக்கிறதே என்று அமெரிக்கா கதவைச் சாத்திவிடும் என்பது அவளுடைய நம்பிக்கை. அகதி வழக்குகளில் அப்படி ஒரு விதி உண்டு. அவளுடையது அகதி வழக்கே அல்ல. ஒரு விதியைச் சரியாகக் கேட்டு, தவறான கோப்பில் போட்டுவிட்டாள்.

"அண்ணை, நான் இத்தாலிக்குக் கையெழுத்து வைச்சால் அமெரிக்கா என்னை விட்டிடும்."

"விடுறதுக்கு, உம்மை அமெரிக்கா இன்னும் பிடிக்கவே இல்லையே."

"நீங்கள் பகிடி விடுறியள்."

"பகிடியில்லை. உம்மடை நேர்முகம் நாப்போலியிலை, அமெரிக்கத் தூதரகக் கந்தோரிலை. இத்தாலியிலை சட்டப்படி இருக்கிற ஆக்களைத்தான் அங்கை கூப்பிடுவினம். பெர்மெஸ்ஸோ இல்லாட்டி நீர் கொழும்புக்குத் திரும்பிப் போய் அங்கையிருந்துதான் போகோணும்."

கொழும்புக்குத் திரும்புவது என்ற சொல் வேலை செய்தது. மறுநாளே சிஞ்ஞோராவைக் கூட்டிக்கொண்டு கீழே வந்தாள். சிஞ்ஞோரா கையெழுத்து வைத்தார், கட்டவேண்டியதைக் கட்டினார். பெர்மெஸ்ஸோ கைக்கு வந்த நாளில் மற்றவர்கள் லட்டு கொடுத்தார்கள். அவள் அந்தப் பத்திரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிப் பார்த்து, "இதுக்கு நிறை இல்லை" என்று சொல்லிப் பெட்டியின் பக்கப்பையில் வைத்தாள். அவளைப் பொறுத்தவரை அது நாப்போலிக் கப்பலுக்கு ஒரு பயணச்சீட்டு, வேறொன்றும் இல்லை.

இதற்கு முந்திய வருடம் அந்தக் கட்டடத்துக்கு உண்மையான அமெரிக்கா ஒன்று வந்து சேர்ந்திருந்தது. சிஞ்ஞோராவின் அண்ணன். இளம் வயதில் கப்பலேறியவர், எழுபது வயதில் தங்கையின் வீட்டுக்குத் திரும்பி வந்தார். சிசிலியில் இப்படித் திரும்புகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பெயர்: அமெரிக்கானோ. அவரும் நியூ ஜெர்சி. குளிர்ப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில், கதவு பூட்டுகிற பகுதியில், முதுகு வளையும்வரை வேலை செய்தவர். தொழிற்சாலை ஒருநாள் மெக்சிகோவுக்குப் போய்விட்டது. இவரைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. மனைவியும் இறந்துவிட, தன் கையால் கதவு பூட்டிய கடைசிக் குளிர்ப்பெட்டி ஒன்றைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு பலேர்மோவுக்கு வந்துவிட்டார்.

குளிர்ப்பெட்டி துறைமுகத்தில் சுங்கத்தில் கிடந்தது. அதை எடுக்கும் வேலை என்னிடம் வந்தது. நிரந்தரமாகத் திரும்புகிறவரின் பாவித்த வீட்டுச் சாமானுக்கு வரி இல்லை. அதற்கு ஒரு சான்று, அந்தச் சான்றுக்கு இன்னொரு சான்று. எல்லாம் முடித்து, தெருவில் ஏணிப்பாரந்தூக்கி வைத்து, மூன்றாம் மாடிப் பல்கணியால் ஏற்றினோம். எங்கள் கட்டடத்துப் பெண்கள் பாண் வாங்கக் கயிற்றில் கூடை இறக்குகிற பல்கணி அது. அந்த இரட்டைக் கதவுப் பூதம் அதால் நுழைந்தபோது தெரு முழுவதும் கைதட்டியது. மின்சாரத்தில் போட்டார்கள். அமெரிக்காவின் மின்சாரம் வேறு, இத்தாலியின் மின்சாரம் வேறு. இடையில் ஒரு மாற்றி வாங்கிப் பூட்டியதும் வீட்டின் மின்சாரமே நின்றது. மூன்றாம் முறை நின்றபோது சிஞ்ஞோரா, இது என் குசினியில் இருக்கக்கூடாது என்றார். கீழே இறக்க ஒருவரும் வரவில்லை. நான்கு பேராகச் சேர்ந்து மேலே தள்ளினோம். அவளுடைய அறையின் பாதி அதற்குப் போனது.

அறையின் நிலம் சரிவு. குளிர்ப்பெட்டியின் கதவைத் திறந்து விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும். அமெரிக்கானோ பின்னேரங்களில் படியேறி வந்து, அதைத் திறந்து, சாத்துவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கதவு சரியாகப் போய்ப் பொருந்துகிற சத்தத்தில் அவருக்கு ஒரு நிம்மதி. அவள் அதற்குள் ஒரு கரண்டிகூட வைக்கவில்லை. சுற்றிக் கூட்டுவாள், துடைப்பாள், அவ்வளவுதான்.

"சும்மா கிடக்குது, சேலையளை எண்டாலும் அடுக்குமன்" என்றாள் என் மனைவி.

"அது ஆற்றையோ சாமான் அக்கா. நான் போகேக்கை இஞ்சை விட்டிட்டுப் போறது."

அவரிடம் அமெரிக்காவைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பாள். அவர் சொன்னதை இறங்கி வந்து அவரைப் போலவே கையை ஆட்டி எனக்குச் சொல்லிக் காட்டுவாள். "அண்ணை, கிழவன் சொல்லுது, அமெரிக்காவிலை இருந்த தன்ரை மாமனுக்கு எழுத வாசிக்கத் தெரியாதாம். பொறுப்புக் கடதாசியிலை கையெழுத்தெண்டு ஒரு கோடு கீறினவராம், இவர் போனவராம். இறங்கின கிழமையே வேலையாம். 'அப்ப அவங்களுக்கு என்ரை கை வேணும், இப்ப அவங்களுக்கு என்ரை கடதாசி வேணும்' எண்டு சொல்லுது."

"நீர் என்ன சொன்னீர்?"

"'நீங்கள் வயசு போய் வந்தனீங்கள், அதுதான் இப்பிடிக் கதைக்கிறியள்' எண்டன். 'நான் வந்த கதவாலைதான் நீ போகப்போறாய், பார்த்துப் போ, இடிபடுவாய்' எண்டார்." இதை அவள் நல்ல பகிடியாக எடுத்துக்கொண்டாள்.

அப்போது அமெரிக்காவில் அரசியல்வாதிகள் வந்தேறிகளைப் பற்றிக் கொஞ்சக் காலமாகச் சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். வருகிறவர்கள் அரசாங்கத்தின் தலையில் விழக்கூடாது என்பது அதன் சாரம். சத்தம் ஓய்ந்தபோது ஒரு சட்டம் மிஞ்சியது. அதுவரை உறவினருக்குப் பொறுப்பு நிற்பதென்பது ஒரு மரியாதைக் கையெழுத்து. இனிமேல் அது வழக்குப் போடக்கூடிய ஒப்பந்தம். பொறுப்பு நிற்கிறவர் போதிய வருமானம் உள்ளவர் என்று வரிப் பத்திரங்களால் காட்டவேண்டும். காட்டமுடியாவிட்டால், காட்டக்கூடிய இன்னொருவர் கூடவே கையெழுத்து வைக்கவேண்டும். அவளுடைய இலக்கம் வரிசையின் முன்னுக்கு வந்தது இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு. முந்தியிருந்தால் தம்பியின் ஒரு கையெழுத்து போதும்.

அவளுக்கு இதில் கவலை இருக்கவில்லை. தம்பி பெரிய கம்பனியில் வரைபடக்காரன். காருக்குப் பக்கத்தில் நிற்கிற படம் வந்திருந்தது. கட்டிலின் கீழிருந்த பெட்டிகள் இரண்டும் மறுபடி தராசில் ஏறின. சாந்தா ரொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறி வந்தாள். பலேர்மோவில் எங்கள் சைவப் பெண்களும் அந்த மலைக்குப் போவார்கள். அந்தப் புனிதையின் அதிகார எல்லை பலேர்மோ நகருக்குள் மட்டும், அமெரிக்க விவகாரம் வேறு இலாகா என்று நான் சொன்னேன். "மேலதிகாரியளோடை அவவுக்குப் பழக்கம் இருக்கும் அண்ணை" என்றாள்.

தம்பியின் பத்திரங்கள் வரவில்லை. வருகுது வருகுது என்று ஒவ்வொரு ஞாயிறும் சொன்னான். பிறகு ஒரு ஞாயிறு மத்தியானம், கட்டடம் முழுவதும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த நேரம், கண்ணாடி அறைக்கு அழைப்பு வந்தது. அவளைக் கூப்பிட்டேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து முக்காலியில் இருந்தாள். அறை சிறியது, தொலைபேசி பழையது, தம்பி உரத்துக் கதைக்கிறவன். நான் பத்திரிகையை விரித்துக்கொண்டேன்.

"சாப்பிட்டியே? ... ஓம். ... கடதாசி போட்டிட்டியோ?"

அந்தப் பக்கம் எதையோ நீளமாகச் சொன்னது. கூட்டாளி ஒருவன் சேர்ந்து கையெழுத்து வைக்கச் சம்மதித்திருந்தானாம். அவனுடைய மனைவி வழக்கறிஞரிடம் கேட்டாளாம். வைக்கமாட்டானாம்.

"அவன் ஏன் வைக்கோணும்? நீதானே வைக்கிறாய்." அவள் நிறுத்தினாள். "நீ ஏன்டா காட்டேலாது?"

பத்திரிகையின் பக்கத்தைப் புரட்டாமல் வைத்திருந்தேன்.

"எப்பத்தையிலிருந்து? ... ரெண்டு வருசமோ? ரெண்டு வருசமாய் ஒவ்வொரு ஞாயிறும் ஒபிசிலை வேலை கூட எண்டு சொன்னியே!"

கம்பனியை இன்னொரு கம்பனி வாங்கிவிட்டது. இரண்டும் ஒன்றாகியபோது வரைபடப் பகுதியும் ஒன்றே போதும் என்றார்கள். இரவில் பெற்றோல் நிலையம், இடையிடையே பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. அமெரிக்காவில் பங்குச் சந்தை ஏறிக்கொண்டிருக்கிறது என்று என் கையிலிருந்த பத்திரிகை எழுதியிருந்தது. அது ஏறுவதற்காக நிறுத்தப்பட்டவர்களில் ஒருவன் தொலைபேசியில் அழுதுகொண்டிருந்தான். அக்காவிடம் பொய் சொல்லலாம். வரித் திணைக்களத்துப் பத்திரத்தில் சொல்லமுடியாது. சட்டம் மாறியிராவிட்டால் அவன் இன்னும் ஒபிசிலேயே இருந்திருப்பான்.

"அழாதை. ... வீடு? ... ஆற்றை நிலக்கீழ் அறை? ... சமைக்க ஏலுமோ அங்கை?" அவளுடைய குரல் மாறவில்லை. சிஞ்ஞோராவின் மருந்து நேரத்தைக் கேட்கிற அதே குரல். "கார்? ... அதுவும் இல்லையோ. அப்ப அந்தப் படம்? ... சரி, சரி, ஆற்றையோ கார்."

நான் நினைத்தேன், இப்போதுதான் இந்தப் பெண் உடையப்போகிறாள். எழும்பி வெளியே போவதா இருப்பதா என்று யோசித்தேன்.

"உன்ரை சாமான் எல்லாம் எத்தினை பெட்டியிலை அடங்கும்?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் விளங்காமல் எதையோ சொன்னது.

"இவ்வளவு வருசம் இருந்தனியல்லே. உடுப்பு, புத்தகம், எல்லாம். எத்தினை பெட்டி?"

பதில் எனக்குத் தெளிவாகவே கேட்டது. ஒன்றரை என்றான்.

"ரெண்டு கொண்டு வரலாம்" என்றாள் அவள். "வா."

தேநீருக்குக் கூப்பிடுவது போலத்தான் சொன்னாள். தம்பி என்னென்னவோ சொன்னான். வெட்கம், ஊர்ச்சனம், அங்கே வந்து நான் என்ன செய்யிறது. "இஞ்சை எல்லாரும் என்ன செய்யினம்? கூட்டித் துடைக்கினம். நீ கதவு திறந்துவிடு, கிளாக்கரண்ணை மாதிரி. அவர் பெரிய உத்தியோகம் பார்த்த மனுசன், இப்ப கயித்துக் கூடையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்." நான் பத்திரிகையை உயர்த்திக்கொண்டேன்.

தொலைபேசியை வைத்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணை, அமெரிக்காப் பாஸ்போட் இருக்கிற ஆளை இஞ்சை எடுக்கிறதெண்டால் என்ன நடைமுறை?"

யாழ்ப்பாணத்திலும் பலேர்மோவிலுமாக என்னிடம் எத்தனையோ நடைமுறை கேட்டிருக்கிறார்கள். இறந்தவரை உயிரோடு இருப்பதாக நிரூபிக்கிற நடைமுறைகூட எனக்குத் தெரியும். இதை ஒருவரும் கேட்டதில்லை. எனக்குத் தெரியாது என்று அவளிடம் சொன்னேன். அவள் அதைக் கொஞ்சம் குற்றமாகவே எடுத்துக்கொண்டாள்.

"நாப்போலி?" என்று நான் கேட்டேன். "அந்த வழக்கை உடனை மூடமாட்டினம். கொஞ்சக் காலம் அப்பிடியே வைச்சிருக்கலாம்."

"வையுங்கோவன். அதுக்கு நிறை இல்லைத்தானே" என்றுவிட்டு மேலே போனாள். சிஞ்ஞோராவுக்கு மருந்து நேரம்.

திங்கட்கிழமை குவெஸ்தூராவுக்குப் போனேன். ஜன்னலில் இருந்த அலுவலர் என்னைத் தெரிந்தவர். கேள்வியைக் கேட்டுவிட்டு, மாறிச் சொல்லிவிட்டேன் என்று நினைத்துத் திருத்தினார்: இங்கிருந்து அமெரிக்காவுக்கு. இல்லை, அமெரிக்காவிலிருந்து இங்கே. சுற்றுலாவுக்கா? வேலைக்கு. அவர் பின்பக்கம் திரும்பி மற்றவரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் என்னை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். சிரித்து முடிந்ததும் முறைப்படி பதில் வந்தது. விசா இல்லாமல் வரலாம், மூன்று மாதம் நிற்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால், எல்லோரையும் போல இதே வரிசை, இதே ஜன்னல். உடன்பிறந்தவரைக் குடும்பமாக எடுக்க இத்தாலியில் இடமில்லை. வேலை கொடுக்கிறவர் ஒருவர் வேண்டும், தங்க ஓர் இடம் காட்டவேண்டும்.

படியில் அமெரிக்கானோவைக் கண்டேன். செய்தி அவருக்கு எட்டிவிட்டது. "இன்னொரு அமெரிக்கானோவா?" என்றார். "குளிர்ப்பெட்டி கொண்டுவரவேண்டாம் என்று சொல்."

தம்பி வருவதற்கு முதல் கிழமை, அறையின் முகவரிக்கு ஒரு சான்று கொடுப்பதற்காக மொட்டைமாடிக்கு ஏறினேன். அறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலுக்குக் கீழே வெறுமை. இரண்டு பெட்டிகளும் நிலத்தில் வாயைத் திறந்து கிடந்தன. அவள் குளிர்ப்பெட்டியின் முன்னால் முழங்காலில் இருந்து, முட்டை வைக்கிற தட்டில் காப்பும் தோடும், மரக்கறித் தட்டில் உள்ளுடுப்பு, மேல் தட்டுகளில் சேலை என்று அடுக்கிக்கொண்டிருந்தாள். பெர்மெஸ்ஸோ வெண்ணெய் வைக்கிற சின்னக் கதவுக்குள் போயிருந்தது. ஒரு தட்டை நிரப்பி முடிப்பதற்குள் பெரிய கதவு தானாக வந்து அவளுடைய தோளில் இடித்தது.

"அண்ணை, இதைக் கொஞ்சம் பிடியுங்கோ."

பிடித்தேன். கிழவனிடம் கேட்டாளா என்றேன். கேட்டாளாம். கதவை மட்டும் அடித்துச் சாத்தாதே என்றாராம்.

"அவன்ரை பெட்டியளைக் கட்டிலுக்குக் கீழைதானே வைக்கோணும். இடம் வேணுமெல்லே" என்றாள், நான் எதுவும் கேட்காமலே. குவெஸ்தூரா சொன்னதைச் சொன்னேன். வேலை கொடுக்கிறவர் வேண்டும் என்ற இடத்தில், "சிஞ்ஞோரா ஓம் எண்டிட்டா, கிழவனுக்கு ஒரு ஆள் வேணுமாம்" என்றாள். தங்குமிடம் என்ற இடத்தில் கையால் அறையைச் சுற்றிக் காட்டினாள். பாதி அறைதான் இருந்தது.

கடைசிச் சேலையை வைத்த பிறகு நான் கதவை விட்டேன். அது மெதுவாகப் போய்ச் சரியாகப் பொருந்தியது. அவள் நிலத்தில் கிடந்த இரண்டு பெட்டிகளையும் பூட்டி, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"அக்காட்டைக் குடுங்கோ. வெறும்பெட்டி. பாரமில்லை."

தராசு கதவுக்குப் பின்னால் அப்படியே தொங்கியது. பெட்டிகளைக் கைக்கொன்றாக எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். நல்ல தோல் பெட்டிகள், உள்ளே ஒன்றும் இல்லை. இருந்தும் மூன்றாம் மாடியில் ஒருமுறை கீழே வைத்து, கைமாற்றி எடுக்கவேண்டியிருந்தது.